கண் அழுத்த நோய் மருந்துகளும் கருவிழியும்

கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) இடப்படும் சொட்டு மருந்துகள், நெடுங்காலப் பயன்பாட்டில் கருவிழியில் (கார்னியா) சில மாற்றங்களை ஏற்படுத்தக்கூடும். கண்ணீர்ப் படலம் குலைதல், மேலடுக்குச் செல்கள் சிதைதல், கருவிழியின் தடிமனும் உணர்திறனும் குறைதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கண் அழுத்த நோயால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால் இழந்த பார்வையை மீட்க முடியாது. எனவே பெரும்பாலான நோயாளிகள் வாழ்நாள் முழுவதும் மருந்திட வேண்டியுள்ளது. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தே கண்ணின் மேற்பரப்பைப் பாதிப்பதால், இரண்டையும் சேர்த்துக் கவனிப்பது மருத்துவத்தின் பகுதியாகிறது.

கருவிழியின் அமைப்பு

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல் அமைந்த ஒளிபுகும் படலமே கருவிழி. கண் தானத்தில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது இதுவே. இதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. நரம்பு இழைகள் மிகுதி. மேலடுக்குச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. உள்ளடுக்குச் செல்கள் அவ்வாறு பெருகுவதில்லை. கருவிழிக்குள் புகும் நீரை இடைவிடாது வெளியேற்றி, அதைத் தெளிவாக வைத்திருப்பது இந்த உள்ளடுக்கே. அதன் செல்கள் வெகுவாகக் குறைந்தால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும்.

பதப்படுத்தும் பொருளின் விளைவு

பாதிப்பின் பெரும்பங்கு, மருந்தைக் காட்டிலும் அதில் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கப்படும் பொருளால் வருகிறது. மிகுதியாகப் பயன்படுவது பென்சல்கோனியம் குளோரைடு. இது பொதுவாக 0.005 முதல் 0.02 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது. இது சோப்பைப் போல் செயல்படும் வேதிப்பொருள். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல, கண்ணீரின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தை இது குலைக்கிறது. அதனால் கண்ணீர் விரைவில் ஆவியாகி, கண் உலர்கிறது. மேலும், கண்ணீரைக் கண்ணில் பரவச் செய்யும் சளிப்பொருளைச் சுரக்கும் செல்களும், கருவிழியின் மேலடுக்குச் செல்களும், நரம்பு இழைகளும் சிதைகின்றன.

ஒரு சொட்டில் உள்ள அளவு மிகச் சிறியது. ஆனால் நாளுக்கு மூன்று சொட்டு இடுபவரின் ஒரு கண்ணில் பத்து ஆண்டுகளில் 10,950 சொட்டுகள் விழுகின்றன. மருந்துகளின் எண்ணிக்கையும் ஆண்டுகளும் கூடக்கூடப் பாதிப்பும் கூடுகிறது.

மருந்து வகைகளும் விளைவுகளும்

• பீட்டா தடுப்பிகள்: டைமோலால் கருவிழியின் உணர்திறனைக் குறைக்கக்கூடும். உறுத்தல் தெரியாததால் இமைப்பது குறைந்து, உலர்வு மிகுகிறது.

• புரோஸ்டாகிளாண்டின் வகை: லேட்டனோபுரோஸ்ட் போன்றவற்றை இடுபவர்கள் சிலரிடம் கருவிழியின் தடிமன் சற்றுக் குறைகிறது. முன்பு ஹெர்ப்பிஸ் தீநுண்மியால் கருவிழி அழற்சி வந்தவர்களுக்கு அது மீண்டும் தலைகாட்டக்கூடும்.

• கார்பானிக் அன்ஹைட்ரேஸ் தடுப்பிகள்: டோர்சோலமைடு, பிரின்சோலமைடு ஆகியவை தடுக்கும் நொதி, கருவிழியின் உள்ளடுக்கிலும் உண்டு. நலமான கருவிழி இதைத் தாங்கிக்கொள்ளும். உள்ளடுக்குச் செல்கள் ஏற்கெனவே குறைந்தவர்களுக்குக் கருவிழி வீங்கலாம்.

• பிரிமோனிடின்: கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய சவ்வில் ஒவ்வாமை, சிவப்பு, அரிப்பு ஆகியவை மாதங்கள் கழித்தும் தோன்றலாம்.

• நெட்டார்சுடில்: கருவிழியின் மேலடுக்கில் சுழல் வடிவப் படிவுகள் தோன்றலாம். இவை பெரும்பாலும் பார்வையைப் பாதிப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் மறைகின்றன.

அழுத்த அளவீட்டில் பிழை

கண்ணின் உள் அழுத்தம், கருவிழியை மெல்ல அழுத்தி அளவிடப்படுகிறது. கருவிழி மெல்லியதாக இருந்தால், உண்மையைவிடக் குறைந்த அளவைக் கருவி காட்டும். மருந்தால் கருவிழி மெலிந்திருந்தால் இந்த வேறுபாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலும் மாற்றம் சிறியதே. எனினும் கருவிழியின் தடிமனை அளந்து பதிவு செய்வது பயனுள்ளது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல், இமைத்தால் தெளிந்து மீண்டும் மங்கும் பார்வை ஆகியவை பொதுவான அறிகுறிகள். கண் உலர்ந்திருக்கும்போது நீர் வடிவது முரணாகத் தோன்றலாம். உறுத்தலுக்கு எதிராகச் சுரக்கும் கண்ணீரே அது. புளோரசின் சாயத்தை இட்டு நீல ஒளியில் பார்த்தால், சிதைந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். கண்ணீர்ப் படலம் பத்து நொடிக்குள் உடைவது உலர்வின் அறிகுறி.

தடுப்பும் மேலாண்மையும்

பதப்படுத்தும் பொருள் சேர்க்காத மருந்துக்கு மாறுவது, இரு மருந்துகள் ஒன்றாகக் கலந்த சொட்டு மருந்தால் சொட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, செயற்கைக் கண்ணீர் இடுவது ஆகியவை வழக்கமான வழிகள். சிலருக்கு லேசர் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ மருந்தின் தேவையைக் குறைக்கும். நெடுங்கால அழற்சி அறுவையின் வெற்றி வாய்ப்பைக் குறைப்பதால், மேற்பரப்பை முன்கூட்டியே பேணுவது நல்லது.

மருந்திடும் முறையும் முக்கியம். ஒரு வேளைக்கு ஒரு சொட்டே போதும், மிகுதி வழிந்துவிடும். இரண்டு மருந்துகளுக்கு இடையே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். மருந்திட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால், மருந்து மூக்கின் வழியே உடலுக்குள் செல்வது குறையும்.

எரிச்சலைத் தாங்காமல் மருந்தைத் தாமாக நிறுத்துவதே மிகப் பெரிய ஆபத்து. கருவிழியின் பாதிப்பு பலருக்கு உறுத்தித் தன்னை உணர்த்தும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சீராகும். பார்வை நரம்பின் அழிவோ, பெரும்பாலும் வலியின்றி, ஓரப் பார்வையிலிருந்து தொடங்கி அமைதியாக நிகழும். ஆதலால் உறுத்தல் தோன்றினால், மருந்தை விடாமல் கண் மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து கேட்பதே உரிய வழி.