ஆக்டேவியா பட்லரின் தொடக்க நாட்கள்

வேற்றுக் கிரகத்து உயிர்கள், பிறர் மனத்தைப் படிக்கும் மனிதர்கள், கடந்த காலத்திற்குள் போய்வரும் பயணம் இவற்றையெல்லாம் வைத்து எழுதுவதை அறிவியல் புனைகதை என்கிறோம். அமெரிக்காவில் நெடுங்காலம் இத்துறையில் எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள்தாம். அவர்களிடையே இடம்பிடித்த கறுப்பினப் பெண் ஆக்டேவியா பட்லர். இன்று அவருடைய புகழைப் பேசப் போவதில்லை. அதற்கு முந்திய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்லர் 1947ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பசடேனா நகரில் பிறந்தார். தந்தை காலணிகளுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாயின் இளமை லூசியானா மாநிலத்துக் கரும்புத் தோட்டத்தில் கழிந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர் அந்த அம்மாள். பின்னர் பசடேனாவில் வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டு வேலை செய்தார். சில நாட்களில் மகளையும் உடன் அழைத்துப் போவார். இருவரும் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். எசமானர்கள் தாயைப் பற்றித் தரக்குறைவாகப் பேசுவது சிறுமியின் காதில் விழும். தாய் ஒன்றும் பேசமாட்டார். மகளுக்கோ வெட்கமாக இருக்கும்.

ஆனால் அதே வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் அந்தத் தாய் வீட்டுக்குக் கொண்டுவந்தார். படிக்கவும் எழுதவும் மகள் சற்றுத் தடுமாறினாள். எழுத்துகள் குழப்பும் குறைபாடு அவளுக்கு இருந்தது. இத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவது ஆசிரியர்களாகிய எங்களுக்கும் எளிது, பெற்றோருக்கும் எளிது. அந்தத் தாய் அப்படி முடிவுகட்டவில்லை. பத்து வயதில் மகள் தட்டச்சு இயந்திரம் கேட்டாள், வாங்கிக் கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில், செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒரு பெண் பூமிக்கு வரும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். படம் சுமார்தான். இதைவிட நல்ல கதையை என்னால் எழுத முடியும் என்று எழுதத் தொடங்கிவிட்டாள். (2021இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் செவ்வாயில் தன் ஊர்தி இறங்கிய இடத்திற்குப் பட்லரின் பெயரையே சூட்டியது.) கறுப்பர்கள் எழுத்தாளராக முடியாது என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவர் கண்ட உலகம் அப்படி.

1970இல் கிளாரியன் என்னும் ஊரில் நடந்த ஆறு வார எழுத்துப் பட்டறையில் பட்லர் சேர்ந்தார். பல் வைத்தியத்திற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைத் தாய் எடுத்துக் கொடுத்தார். அங்கே இரண்டு கதைகள் விலைபோயின. ஒன்று 1971இல் அச்சேறியது. மற்றொன்று வெளிவந்ததோ 2014இல்; பட்லர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

அதற்கடுத்த ஐந்தாண்டுகள் அவருடைய எழுத்தில் ஒரு வரிகூட விற்கவில்லை. தட்டுக் கழுவினார், தொலைபேசியில் சாமான் விற்றார், தொழிற்சாலையில் உருளைக்கிழங்கு வறுவலைச் சோதித்துக் கழிவானதைப் பொறுக்கி எடுத்தார். கைக்கு வேலை கொடுத்து மூளையைச் சும்மா விடும் வேலைகளையே விரும்பினார்; கதையை யோசிக்கலாம் அல்லவா! விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார். 1976இல் 'பேட்டர்ன்மாஸ்டர்' என்னும் முதல் நாவல் வெளிவந்தது.

கல்லூரி நாட்களில் ஓர் இளைஞர், வெள்ளையர்முன் தலைகுனிந்து வாழ்ந்த மூத்த தலைமுறையைக் கோபமாக ஏசியதைப் பட்லர் கேட்டிருந்தார். தம் தாயின் பின்வாசல் அவருக்கு நினைவு வந்தது. அந்தப் பணிவு இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்பதை இளமையில் அவரும் உணர்ந்திருக்கவில்லை. இக்காலத்துப் பெண்ணொருத்தியை அடிமைக் காலத் தோட்டத்திற்கே அனுப்பினால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்?

இந்தக் கேள்வியுடன் மேரிலாந்து மாநிலத்திற்குப் பேருந்தில் போனார். செலவுக்காக இன்னொரு நாவலைச் சரியாகத் திருத்தாமலே விற்றுவிட்டார். அந்த நாவலை மறுபதிப்புச் செய்யப் பிற்காலத்தில் அவர் சம்மதிக்கவே இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் பழைய மாளிகையையும் சுற்றிப் பார்த்தார். அங்கே வழிகாட்டிகள் அடிமைகள் என்ற சொல்லைத் தவிர்த்து, வேலைக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

'கிண்ட்ரெட்' என்ற அந்த நாவல் 1979இல் வெளிவந்தது. அதன் நாயகி டேனா 1976இலிருந்து அடிமைத் தோட்டத்திற்கு இழுக்கப்படுகிறாள். முதலில் வீறாப்பாக இருக்கிறாள். பிறகு, உயிர் பிழைப்பதற்காக, அவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசாதிருக்கப் பழகிக்கொள்கிறாள்.