வளைந்த கம்பியை எந்த நீளத்துக்கு வெட்டுவது?

தென்காசியிலிருந்து பேசுறேன். குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு, பின்னாடி சாரல் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

செங்கோட்டை–புனலூர் ரயில்ல போயிருக்கீங்களா? 1904-ல் திறந்த மலைப்பாதை, 2018-ல் அகலப்பாதையா முழுசா மாறுச்சு. அந்தப் பாதையில ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கத் தண்டவாளம் உள்பக்கத்தை விட நீளம். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இன்னைக்கு விஷயம் கப்பல்.

கப்பலோட உடம்பு இரும்புத் தகடுதான். தண்ணி அழுத்தத்துல அது உள்ளே குழியாம இருக்க, உள்பக்கம் வரிசையா கம்பிகளைப் பற்றவைப்பாங்க. அதுதான் ஸ்டிஃப்னர், நம்ம விலா எலும்பு மாதிரி. இதுல அதிகம் பயன்படுறது பல்ப் பார்: ஒரு நீளப் பட்டை, ஒரு ஓரம் மட்டும் குமிழ் மாதிரி தடிச்சிருக்கும். சாதாரணமா நினைக்காதீங்க. கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்துக்கு செயில் நிறுவனம் சுமார் 30,000 டன் சிறப்பு எஃகு கொடுத்தது. அந்தக் கணக்குல பல்ப் பார் மட்டும் சேராது!

கப்பலோட அடித்தட்டு பக்கச்சுவரா மேலே திரும்புற இடத்துக்கு பில்ஜ்னு பேர். அங்கே நேர்க்கம்பி பொருந்தாது. துண்டு துண்டா வெட்டி ஒட்டலாம். ஆனா வளைவுல வெல்டு வந்தா, அலை அடிக்க அடிக்க விரிசல் அங்கேயே தொடங்கலாம். ஒரே கம்பியை வளைச்சா அந்தக் கவலை குறையும்.

சரி, மென்பொருள்ல இதை எப்படிச் சொல்றது? கம்பி தகட்டுல எங்கே தொடங்குது, எங்கே வளையுது, எங்கே முடியுது. வளைவோட ஆரம் எவ்வளவு. என்ன வகைக் கம்பி, என்ன உயரம். குமிழ் எந்தப் பக்கம் பார்க்கணும். முனைகளை எப்படி வெட்டணும். இவ்வளவுதான். ஆனா கம்பி நீளத்தை நாம கொடுக்குறதில்லை, அதை மென்பொருள்தான் கணக்குப் போடுது.

ஒரு உதாரணம். 200 மி.மீ. உயரக் கம்பி, 90 டிகிரி வளைவு, தகட்டுப் பக்க ஆரம் 2,000 மி.மீ. தகட்டை ஒட்டுற ஓரத்தோட நீளம் 3,142 மி.மீ. உள்ளே இருக்கிற குமிழ் ஓரம் 2,827 மி.மீ. ஒரே கம்பியில 314 மி.மீ. வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு அடி! அப்போ எந்த நீளத்துக்கு வெட்டுறது?

வளைக்கும்போது வெளி ஓரம் இழுபடும், உள் ஓரம் சுருங்கும். நடுவுல ஒரு கோடு மட்டும் நீளவும் செய்யாது, குறையவும் செய்யாது. அந்தக் கோட்டோட நீளம்தான் வெட்டு நீளம். வெறும் பட்டையில அது நடு உயரத்துல இருக்கும். பல்ப் பார்ல குமிழ் பக்கமா தள்ளி இருக்கும். அதனால கம்பி வகையைத் தப்பா தேர்ந்தெடுத்தா, திரையில படம் அழகாத்தான் தெரியும். யார்டுல வெட்டின கம்பிதான் அளவு மாறி நிக்கும்.

இன்னொரு அழகான வேலையும் மென்பொருள் பண்ணுது. நேரா இருக்கிற கம்பி மேல ஒரு வளைகோடு போடச் சொல்லும். தொழிலாளி அந்தக் கம்பியை பிரஸ்ல கொஞ்சம் கொஞ்சமா வளைப்பார். கம்பி சரியா வளைஞ்சதும் அந்த வளைகோடு நேர்க்கோடா மாறிடும். ஒரு நூலை இழுத்துப் பிடிச்சாலே சரிபார்த்துடலாம், அச்சுப் பலகை தேவையில்லை.

ஆரத்தைக் கொடுக்கும்போது யார்டு பிரஸ்ஸையும் கேட்டுக்கணும். ரொம்பச் சின்ன ஆரம் கொடுத்தா வெளி ஓரம் கிழியலாம், உள் ஓரம் நெளியலாம். மென்பொருள் எழுதுறவங்களும் அதுல வரையறவங்களும் கடல் பக்கமே போகாம வேலையை முடிச்சிடலாம், தென்காசியில உட்கார்ந்தே கூட. ஆனா அந்த எண்ணை நம்பி கம்பியை வெட்டுறவர் யார்டுலதான் நிக்கிறார். என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஆரத்தையும் குமிழ் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!