மஞ்சள் ஏன் தண்ணீரில் கரைவதில்லை?

ஒரு தம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் சர்ஜிகல் ஸ்பிரிட். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலக்கி அரைமணி நேரம் வையுங்கள். தண்ணீரில் தூள் அடியில் படிந்துவிடும். ஸ்பிரிட்டோ தெளிந்த பொன்னிறத்தில் பளிச்சென்று நிற்கும்.

காரணம், தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. மஞ்சளின் நிறமியான, எண்ணெய்த்தன்மை மிகுந்த குர்குமினுக்கு அவை இடம் தருவதில்லை. ஆல்கஹாலுக்கு ஒரு பக்கம் நீர்த்தன்மை, மறுபக்கம் எண்ணெய்த்தன்மை, அதனால் ஏற்றுக்கொள்கிறது. செம்பருத்தியின் சிவப்பு நிறமியோ சர்க்கரையோடு பிணைந்தது. அதற்கு வெந்நீரே போதும்.

ஆனால் கரைதிறன் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் 1900களின் தொடக்கத்தில் இதைக் கண்டார்: பிரித்தெடுத்த பச்சையம் பெட்ரோலியம் ஈதரில் நன்றாகக் கரையும், ஆனால் இலையைப் போட்டால் கரோட்டின் என்ற நிறமிதான் இறங்கும், பச்சையம் இறங்காது. கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்ததும் பச்சையமும் வந்துவிட்டது. இலைத் திசு நிறமியைப் பற்றியிருக்கிறது. அந்தப் பிடியையும் கரைப்பான் விடுவிக்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

வீட்டில் இலையிலிருந்து நிறமி எடுக்க என் தேர்வு ஆல்கஹால்தான். பச்சை இலையின் ஈரம் அதை நீர்க்கச் செய்துவிடும், எனவே இலையை நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். அசிட்டோன் வேகமானது, ஆனால் 56 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஹெக்சேன் நரம்பைப் பாதிக்கும், வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட்டையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். சன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்தபின், இறக்கிவைத்த வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் தம்ளரை வைத்தால் போதும். அந்தச் சாறு பார்க்கத்தான், குடிக்க அல்ல.