வரைந்த பிள்ளைக்கு வயதில்லை

பாலக்காட்டின் சித்தூரிலும் இடுக்கியின் மூணாறிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சோட்டா பீம் தெரிந்த முகமே. 2008-இல் தொலைக்காட்சிக்கு வந்த அந்த அனிமேஷன் நாயகன், 2024 மே மாதம் மனித நடிகராகத் திரையில் தோன்றினான். அதே ஆண்டு பிப்ரவரியில் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ நெட்ஃபிளிக்ஸில் நடிகர்கள் நடித்த தொடரானது. மூலத்தின் முதற் பருவத்தில் 20 பகுதிகள், புதியதில் எட்டே.

பறப்பதைக் கோடு எளிதில் காட்டிவிடும். உடலைப் பறக்கவைக்கப் பெருஞ்செலவு வேண்டும். அதனினும் பெரிய இடர் காலம். ஓவியத்தில் நாயகன் ஆங் பன்னிரண்டு வயதிலேயே நிற்பான். நடிக்கும் சிறுவனோ அடுத்த பருவத்திற்குள் வளர்ந்துவிடுகிறான்.

விடுமுறையில் இரண்டையும் பிள்ளைகளோடு அமர்ந்து காண்போம். நம் வீட்டுப் பிள்ளைகளும் ஓவியங்கள் அல்லர்.