பதினைந்து விநாடிக் கூத்து

காரைக்கால் என்றதும் நேயர்களுக்கு அம்மையாரின் நினைவே முதலில் வரும். திருவாலங்காட்டில் இறைவன் ஆடிய கூத்தைப் பாடியவர் பிறந்த ஊரல்லவா? 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்து, புதுச்சேரியோடு நம்மிடம் வந்து சேர்ந்த ஊர் அது. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. அரசலாறு கடலோடு கலக்கும் கரையில் இப்போது வேறொரு கூத்து நடக்கிறது. இளைஞர்களும் பெண்களும் கைபேசியை எதிரே நிறுத்திவிட்டுப் பதினைந்து விநாடி ஆடுகிறார்கள். ஆடியதும் ஓடிப் போய்ப் பார்க்கிறார்கள். திருப்தியில்லாவிட்டால் மறுபடியும் ஆடுகிறார்கள்.

இதற்குச் 'சவால்' என்று பெயர். ஒருவர் ஒரு பாட்டுக்கு அடியமைத்து ஆட, பார்த்தவர்களும் அதையே ஆடிக் காட்டுகிறார்கள். படத்தின் கீழுள்ள பாட்டின் பெயரைத் தொட்டால், அதற்கு ஆடியவர்களின் படங்களெல்லாம் வரிசையாக வருகின்றன. செயலியானது ஒரு படத்தை முதலில் சிலருக்குக் காட்டும். அவர்கள் கடைசி வரை பார்த்தால் பின்னும் பலருக்குக் காட்டும். இப்படிப் பரவுவதை 'வைரல்' என்கிறார்கள். விஷ ஜுரத்துக்குரிய சொல்லைக் கூத்துக்குச் சூட்டியவர் நல்ல ரஸிகர்தாம்!

சினிமா முதலாளிகள் இதன் பயனை விரைவில் கண்டுகொண்டார்கள். 'பீஸ்ட்' படம் வெளிவந்தது 2022 ஏப்ரலில். அதன் 'அரபிக் குத்து'ப் பாட்டோ பிப்ரவரி 14-ந் தேதியே வந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு மாதமும் ஜனங்களே ஆடி விளம்பரம் செய்தார்கள். மறு வருஷம் 'ஜெயில'ரின் 'காவாலா'வுக்கு, அப்போது டில்லியில் ஜப்பானியத் தூதராயிருந்த ஹிரோஷி ஸுஸுகியே ஆடினார். சுவரொட்டி ஒட்டுகிறவனுக்குக் கூலியுண்டு. ஆடிய ஜனங்களுக்கு அதுவும் இல்லை.

கம்பெனிகளிடம் பணம் பெற்று ஆடும் பிரபலஸ்தர்களும் இருக்கிறார்கள். அப்படி ஆடியதை விளம்பரமென்றே குறிப்பிட வேண்டுமென்பது, 2021 ஜூன் முதல் இந்திய விளம்பரத் தரக் கவுன்ஸில் வகுத்துள்ள நெறி.

நம் மனத்தை உறுத்துவது வேறு விஷயம். சினிமாவில் நடன ஆசிரியருக்குப் பெயரும் சம்பளமும் உண்டு. வீட்டு முற்றத்தில் அடியமைக்கும் பெண்ணுக்கு என்ன உண்டு? அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த ஜலயா ஹார்மன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி, 2019 செப்டம்பரில் ஓர் ஆட்டம் அமைத்தாள். 'ரெனிகேட்' என்று டிக்டாக்கில் அது தேசதேசமாகப் பரவிற்று. அதை ஆடிக்காட்டிய வேறு பெண்களுக்குக் கீர்த்தியும் வருமானமும் சேர்ந்தன. அமைத்தவளை எவரும் கேட்கவில்லை. 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை எழுதிய பிறகே உலகம் அவளை அறிந்தது. மறு வருஷம் அந்நாட்டுக் கறுப்பினக் கலைஞர் பலர், ஒரு புதுப் பாட்டுக்கு அடியமைக்க மாட்டோமென்று வேலைநிறுத்தமே செய்தார்கள்.

நமது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகத்தோடு சேர்த்துக் காக்கிறது. எழுத்திலோ வேறு விதத்திலோ அது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவே. கைபேசியில் பிடித்த படமும் பதிவுதானே? ஆனால் வழக்காடச் சக்தியுள்ள குடும்பங்கள் எத்தனை? வழக்குக்குப் போகாத சுலப வழி, ஆட்டத்தின் கீழே அமைத்தவர் பெயரை எழுதுவது. ஜலயாவுக்குப் பின் அவ்வழக்கம் வளர்ந்து, 2022 மே மாதத்தில் மூலப் படத்தைச் சுட்டிக் காட்ட டிக்டாக்கே வசதி செய்தது. நம் தேசத்திலோ அச்செயலி 2020 ஜூன் 29-ந் தேதியே தடை செய்யப்பட்டுவிட்டது; காரைக்கால் கரையில் ஆடுகிற ஆட்டங்கள் இன்ஸ்டாகிராமுக்கும் யூடியூபுக்கும் போகின்றன.