புது டிஸ்கைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வாரமாக 'டக்... டக்...' என்று சத்தம். சுவர்க் கடிகாரம் என்றே நினைத்திருந்தேன். கோவையில் இருக்கும் அக்கா மகனிடம் போனில் சொன்னபோது, "அது ஹார்ட் டிஸ்க் சித்தி. எப்ப வேணும்னாலும் நின்னுடும். உள்ளே இருக்கிறதைச் சீக்கிரம் வேற டிஸ்குக்கு மாத்திடுங்க" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மாமனாரின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அவர் காலமாகி நாலு வருஷமாகிறது. வேறு பிரதி கிடையாது.

மறுநாளே இவர் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கி வந்தார். உள்ளங்கையளவுதான். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் டிஸ்க் செய்தபோது, 50 பெரிய தட்டுகள் வைத்தும் 50 லட்சம் எழுத்துக்கள்தான் அதில் கொண்டதாம்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து மாட்டினோம். கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய 'சி', 'டி' மட்டுமே தெரிகின்றன. புதுசைக் காணோம்! ஒரு ரிப்பேர் கடையில் கேட்டதற்கு, பெட்டியைப் பார்க்காமலே "டிஸ்க் போச்சு, வேற வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

மறுபடி அக்கா மகன்தான் கை கொடுத்தான். "புது வீடு கட்டி கதவு எண் போடலைன்னா தபால்காரர் எப்படி சித்தி கண்டுபிடிப்பார்? டிஸ்க் நல்லாத்தான் இருக்கும்" என்றான். சகோதரிகளே, அவன் சொல்லச் சொல்ல நான் செய்தது இதுதான்.

முதலில் ஒயர். டிஸ்குக்கு மின்சாரம் தருவது ஒன்று, மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய 'சாட்டா' ஒயர் ஒன்று. இரண்டும் இறுக மாட்டியிருக்க வேண்டும். அடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டதுமே 'எஃப் 2' அல்லது 'டெலிட்' பொத்தானை அழுத்தினால் (கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும்) 'பயாஸ்' பக்கம் வரும். அங்கே டிஸ்கின் பெயர் இருந்தால் பயமில்லை. ஒயரை மாற்றிப் பார்த்தும் பெயர் வராவிட்டால்தான் டிஸ்கைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்களுக்குப் பெயர் வந்தது! பிறகு விண்டோஸில், 'ஸ்டார்ட்' மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தேன். இரண்டு வரிசைகள் தெரிந்தன. அவசரத்தில் மேல் வரிசையில் 'டி'யைத் தொட்டு, 'ஃபார்மேட்' வரை போய்விட்டேன். "சித்தி, கையை எடுங்க! அது பழசு!" என்று அலறினான். அதை அழுத்தி ஓகே கொடுத்திருந்தால் மாமனார் போட்டோ அத்தனையும் போயிருக்கும்.

எது புதுசு என்று அளவை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பழையது 500 ஜி.பி.; திரையில் 465 என்றிருக்கும். புதியது 931 என்று காட்டும். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது; அதனால்தான் குறைவாகத் தெரிகிறது. யாரும் ஏமாற்றவில்லை.

931 இருந்த வரிசையில் 'இனிஷியலைஸ்' கொடுத்து, 'ஜி.பி.டி.' தேர்ந்தெடுத்தேன். ('எம்.பி.ஆர்.' 2 டெராபைட் வரைக்கும்தான் உதவும்.) கறுப்புப் பட்டையாக இருந்த காலி இடத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து, 'என்.டி.எஃப்.எஸ்.' வைத்து, ஓர் எழுத்தும் கொடுத்ததும் புது டிஸ்க் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த எழுத்துதான் கதவு எண்!

இதெல்லாம் வெறும் புது டிஸ்குக்கு மட்டும். ஏற்கெனவே போட்டோ உள்ள டிஸ்க் திடீரென்று தெரியாமல் போய், 'இனிஷியலைஸ் பண்ணவா, ஃபார்மேட் பண்ணவா' என்று கேட்டால், எதையும் அழுத்தாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அன்று ராத்திரியே போட்டோக்களை முதலில் மாற்றினேன். சினிமாவும் பாட்டும் அப்புறம்தான். இன்னொரு பிரதி எடுத்து நாத்தனார் வீட்டிலும் கொடுத்து வைத்திருக்கிறேன். பத்து நாள் கழித்துப் பழைய டிஸ்க் நின்றேவிட்டது. உங்கள் வீட்டுப் போட்டோக்களுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா? இன்றைக்கே பாருங்களேன்.