படுதாக் கூரையும் கடற்காற்றும்

சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அந்தச் சாலையில் வாரத்தில் ஆறு நாட்கள் ஒரு பழைய ஜீப்பு போவதையும் வருவதையும் காணலாம். அதற்குத் தகரக் கூரை கிடையாது. வளைந்த இரும்புக் குழாய்களின் மேல் காக்கி நிறக் கித்தான் படுதா ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வேண்டாதபோது அதை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். அதை ஓட்டிச் செல்பவன் நான்தான். என் தந்தையார் 1989ஆம் ஆண்டு வாங்கிய வண்டி அது. ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் எனக்கு அதுதான் வாகனம்.

“சார் ஒரு நல்ல காராக வாங்கக் கூடாதா?” என்று என் மாணவர்கள் முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை. பணம் ஒரு காரணம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்த வண்டியில் உட்கார்ந்தால் பாடப் புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் கண்முன் நடக்கின்றன. அவற்றுள் சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் கடைசியில் சொல்கிறேன். அது சற்றுக் கவலைக்குரிய செய்தி.

ஜீப்பு இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1941இல் இராணுவத்துக்காக அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் அதைப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. அன்று முதல் நம் நாட்டில் வனத்துறை, காவல்துறை, தோட்டம், பண்ணை எங்கும் படுதாக் கூரை ஜீப்புகள் ஓடின. மேல்நாட்டார் கூரை மடக்கும் காரைக் ‘கன்வர்ட்டிபிள்’ என்று பெயரிட்டுக் கோடைக்கால ஆடம்பரமாக வைத்திருக்க, நாமோ மூட்டை முடிச்சுகளுடன் ஆண்டு முழுவதும் அதில் போய்வந்தோம்!

முதலில் காற்றைப் பார்ப்போம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று படுதாவை உள்நோக்கி அமுக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நடப்பது நேர்மாறானது. வேகம் கூடக் கூடப் படுதா மேல்நோக்கி உப்புகிறது. காற்று, முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் மோதி வளைந்து, விரைந்து கூரையின் மேல் செல்கிறது. அவ்வாறு வளைந்து விரையும் காற்றில் அழுத்தம் குறைகிறது. வண்டிக்குள் இருக்கும் காற்றோ ஏறக்குறைய வழக்கமான அழுத்தத்தில் இருக்கிறது. ஆகவே உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளின் பாயும் இப்படித்தான் ஒரு பக்கமாக உப்பி நிற்கும்.

இந்தத் தள்ளுவிசை எவ்வளவு? மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்குங்கள்: சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 167 நியூட்டன் கிடைக்கும். என் படுதாவின் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். இந்த அழுத்த வேறுபாடு முழுவதும் அதன்மேல் செயற்பட்டால் மொத்தம் 500 நியூட்டன். அதாவது 50 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆளைத் தூக்கும் விசை. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். படுதாவின் வார்ப்பட்டை ஒன்று அறுந்திருந்தபோது, கோரம்பள்ளம் அருகே ஆடிக் காற்று எதிர்ப்பட, மற்ற பட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. படுதா உடைமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. அதன்பின் பட்டைகளைத் தினமும் இழுத்துப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறேன்.

படுதாவைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இன்னொரு விந்தை. காற்று முகத்தில் அடிக்காமல் பிடரியில் அடிக்கிறது! பின்னிருக்கையில் வைத்த விடைத்தாள் முன்னோக்கிப் பறந்து வந்து என் மடியில் விழுகிறது. முன்கண்ணாடியைத் தாண்டிய காற்று அதன் பின்னால் ஒரு குறைந்த அழுத்தப் பகுதியை விட்டுச் செல்கிறது. அதை நிரப்பப் பின்புறத்துக் காற்று சுழன்று முன்னே பாய்கிறது. ஓடும் பேருந்தின் பின்பக்கத்துச் சன்னல் வழியே செம்மண் தூசு உள்ளே வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே சுழல்தான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மழைக்காகப் பக்கத்துப் படுதாக்களையெல்லாம் இறுகக் கட்டிவிட்டுப் பின்படுதாவை மட்டும் சுருட்டி வைத்திருந்தால், சுழல்காற்று புகைக்குழாயின் புகையையும் உள்ளே இழுத்து வரும். அந்தப் புகையில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். அது இரத்தத்தில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நச்சு. பின்னால் திறந்தால் முன்னாலும் திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வண்டியில் சட்டம்.

அடுத்து மழை. எங்கள் பக்கத்தில் மழை குறைவு. பெய்வதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான். ஆயினும் படுதா இல்லாத நேரம் பார்த்து அது பெய்யும்! ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டது. நிறுத்திப் படுதா கட்டக் கால் மணி நேரமாகும். நான் நிறுத்தாமல் ஓட்டினேன். என் தலை நனையவில்லை. பின்னிருக்கையில் இருந்த மகள் தொப்பலாக நனைந்துவிட்டாள். வீட்டில் எனக்குக் கிடைத்த வசவு தனிக்கதை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி வினாடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. என் தலை முன்கண்ணாடியின் உச்சியிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழேயும் 50 சென்டிமீட்டர் பின்னேயும் இருக்கிறது. கண்ணாடியின் உச்சியை உரசிவரும் துளி 20 சென்டிமீட்டர் இறங்க 0.03 வினாடிக்குச் சற்று அதிகமாகும். அதற்குள் வண்டி 50 சென்டிமீட்டர் முன்னேறிவிட்டால், துளி எனக்குப் பின்னால்தான் விழும். அதற்கு வேண்டிய வேகம் வினாடிக்குச் சுமார் 16 மீட்டர், அதாவது மணிக்கு 58 கிலோமீட்டர். பின்னிருக்கை கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தலை நனையாதிருக்க மணிக்கு 176 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எங்கள் ஜீப்பு கனவிலும் ஓடாத வேகம் அது. நனைந்த சாலையில் 58ஏ அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று நான் செய்தது சரியான கணக்கு, தவறான செயல்.

படுதா கட்டியிருக்கும்போது நீர் ஏன் உள்ளே வருவதில்லை? கித்தானில் நூலுக்கு நூல் இடைவெளி இருக்கத்தானே செய்கிறது? பருத்தி நூல் நனைந்தால் பருத்து இடைவெளியைக் குறுக்கும். எஞ்சிய சிறு துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை ஒரு மெல்லிய தோல்போல் நின்று நீரைத் தாங்கும். ஒரு தம்ளர் நிறைய நீர் எடுத்து, நனைத்த கைக்குட்டையை வாயில் இறுகக் கட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் கொட்டாது. இப்போது துணியை அடியிலிருந்து விரலால் தேயுங்கள். அந்த இடத்தில் சொட்டத் தொடங்கும். மழை பெய்யும்போது கூடாரத்தின் துணியைத் தொடாதே என்று சாரணர் முகாமில் சொல்வதற்குக் காரணம் இதுதான். என் படுதாவில் மகள் விரல் வைத்த இடமெல்லாம் எனக்குத் தெரியும். நனைந்த படுதாவை அப்படியே சுருட்டினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் தெரியும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் தரும். மூன்று இஸ்திரிப் பெட்டிகளைக் கூரையில் வைத்ததற்குச் சமம். ஓடும்போது காற்று அதை வாரிக்கொண்டு போய்விடும். நின்றால் படுதா சூடேறித் தலைக்குமேல் அனல் வீசும். ஆனாலும் நான்கு புறமும் கண்ணாடி மூடி வெயிலில் நின்ற காருக்கு இது எவ்வளவோ மேல்.

இனி அந்தக் கவலைக்குரிய செய்திக்கு வருவோம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் பழையகாயல், அதையடுத்துக் கடல். தூத்துக்குடியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் உப்பளம். அலைகள் உடையும்போது சிதறும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகி ஊர்மேல் படிகின்றன. மூடிய காரில் அவை வெளியே மட்டும் படியும். திறந்த வண்டியில் இருக்கைக்கு அடியிலும் படியும். சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதைவிட உலர்ந்த காற்றிலிருந்தும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே மழையே பெய்யாத நாளிலும் என் வண்டியின் தரைத்தகரம் ஓர் உப்புக் கரைசலில் நனைந்தபடி இருக்கிறது.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. இடையே மின்னூட்டத் துகள்கள் நடமாட உப்புநீர் வழி அமைக்கிறது. இதில் வியப்பானது, காற்று நன்றாகப் படும் இடத்தைவிடக் காற்றுக் குறைந்த இடமே அதிகமாகக் கரைகிறது என்பது. அதாவது ஈரமான மிதியடிக்கு அடியில், கண்ணில் படாத மூலையில்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையைவிட அது அதிகம். என் ஜீப்பு இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வடிந்தபின் துடைத்தேன், என்ஜினைச் சரிபார்த்தேன், ஓட்டினேன். மிதியடிக்கு அடியில் ஒட்டியிருந்த சணல் விரிப்பை எடுக்கவில்லை. அதுதான் என் பிழை. சில மாதங்கள் கழித்து, பின்னால் கால் வைத்த மகள், “அப்பா, தரை அமுங்குது” என்றாள். விரிப்பைக் கிழித்துத் திருப்புளியால் குத்தினேன். திருப்புளி தகரத்தைத் துளைத்துக்கொண்டு சாலையை எட்டிப் பார்த்தது.

தூத்துக்குடியில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் தரையை ஒரு முறைதான் பார்த்தார். சிறு சுத்தியல் ஒன்றுடன் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, தரைதானே போயிருக்கு?” என்றேன்.

“தரை போனாப் போவுது சார், வேற தகரம் வச்சு அடிச்சிக்கிடலாம். இதைக் கேளுங்க.”

சேஸிஸின் முன்பகுதியில் தட்டினார், கணீர் என்றது. பின்னோக்கித் தட்டிக்கொண்டே வந்தார். வலப்புறப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ‘சொத்’ என்றது. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல இரும்பு நெடுநேரம் அதிர்ந்து ஒலிக்கும். துரு, இரும்பைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு ஏடு ஏடாகப் பிரிந்து நிற்பது. அது அதிர்வை உறிஞ்சிவிடும். அந்த இடம் முறிந்திருந்தால் ஓடும்போதே பின்சக்கரம் கோணியிருக்கும். அந்தச் சக்கரத்துக்கு நேர்மேலேதான் மகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவரும் தினமும் உட்கார்ந்து பள்ளிக்குப் போனார்கள்.

கூரையில்லா வண்டிக்குச் சேஸிஸ் ஏன் உயிர்நாடி என்பதை ஒரு செருப்புப் பெட்டி சொல்லும். மூடியில்லாத அட்டைப் பெட்டியை இரு முனைகளிலும் பிடித்து முறுக்குங்கள், எளிதாக முறுகும். மூடியை வைத்துச் சுற்றிலும் ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை தனிச் சேஸிஸ் இல்லாத மூடிய பெட்டிகளே. கூரையும் சுமையில் பங்கு வாங்குகிறது. அதன் கூரையை வெட்டினால் கீழ்த்தகரத்தைக் கனமாக்கியே தீரவேண்டும். பழைய முறையிலோ ஏணி போன்ற சேஸிஸ் எல்லாச் சுமையையும் தாங்கும். கூரை வெறும் குடை. 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு காருக்கு இத்தகைய தனிச் சேஸிஸ் இருந்தது. கூரையைப் போல்ட்டுகளால் பூட்டியிருந்தார்கள். அதனால் அதே காரைக் கன்வர்ட்டிபிளாகவும் எளிதில் செய்ய முடிந்தது. அதன் இந்திய உடன்பிறப்பான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் நம் சென்னையில் தயாரானது. குடையில் ஓட்டை விழுந்தால் நனைவோம், அவ்வளவே. ஏணியில் துரு விழுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அண்ணாச்சியின் சுத்தியல் சொன்னது.

துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்கப் பன்னிரண்டு நாளாயிற்று. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வாகனத்துக்குத் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. உப்புக் காற்று ஐந்தாண்டு காத்திருப்பதில்லை. இப்போது சணல் விரிப்பு கிடையாது. தரைக்குக் கழற்றக்கூடிய ரப்பர்த் தகடுதான். ஞாயிறுதோறும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். உப்பு லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான் இது. நானும் அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டேதான் இத்தனை நாள் போயிருக்கிறேன். தரையிலுள்ள வடிதுளைகள் அடைத்திருக்கின்றனவா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பது மகளின் பொறுப்பு. மாதத்துக்கு ஒருமுறை சுத்தியலால் தட்டுவது என் பொறுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எந்த இடம் என்று சொல்கிறாள். வலப்புறம் புதிதாகப் பற்றவைத்த இடம் மற்ற இடங்களைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறதாம். எனக்கு அந்த வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை.